நிறம் போன தண்ணி

ஜன்னலை இன்னுங் கொஞ்சம் தள்ளி விட்டுக்குங்க. நாத்தம்னு வாய்விட்டே சொல்லலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன். மூட்டைக்குள்ள இருக்கறது சாத்துக்குடித் தோல். கண்டக்டரு கட்டை அவுத்து, உள்ள கையை விட்டுப் பாத்துட்டு, மூஞ்சியைச் சுளிச்சுட்டு, அப்புறமும் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டுத்தான் போனாரு. குப்பைக்கு டிக்கெட் எடுத்துப் பிரயாணம் பண்றவன் இந்தப் பஸ்ல நான் ஒருத்தன்தான்.

எம் பொண்டாட்டிக்குத்தாங்க கொண்டு போறேன். ஊருல அவனவன் பொண்டாட்டியைப் பாக்கப் போனா மல்லியப்பூவும் அல்வாவும் வாங்கிட்டுப் போறான். நான் ஜூஸ் கடைக் குப்பையை வாங்கிட்டுப் போறேன். அதுலயும் அழுகினது கலந்துடக் கூடாதுன்னு உத்தரவு. அவளே போன் பண்ணிச் சொன்னான்னு நெனச்சுக்காதீங்க. அவகிட்டப் படிக்கற புள்ளை ஒண்ணு நேத்துக் கூப்பிட்டு, மேடம் சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லிட்டு வெச்சிருச்சு. கட்டின புருசனுக்கு வர்ற சேதியைப் பாத்தீங்களா.

நீங்க காங்கேயம் வரைக்கும் போறீங்களா? நல்லதாப் போச்சு. நான் அதுக்கு முன்னாலயே எறங்கிக்குவேன், அதுக்குள்ள சொல்லி முடிச்சுடறேன். வெளியூரு ஆளு நீங்க, நியாயம் சொல்லுங்க. உள்ளூர்ல கேட்டுப் பாத்துட்டேன். ஒருத்தன் பாக்கியில்லாம அவ பக்கமே பேசறான்.

எம் பேரு சென்னியப்பன். ஸ்ரீ கலாபமயில் டையிங்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லீங்களா. பரவால்லை. வெளிநாட்டுக்காரன் போட்டுட்டுத் திரியற பனியன்ல எத்தனையோ எம் பட்டறையில சாயம் ஏத்தினது, அவனும் கேள்விப்பட்டதில்லை. பட்டறைக்குப் பின்னால ஊசிப்பள்ளம்னு ஒரு ஓடை. மழை பேஞ்சா அதுல தண்ணி போகும். மழை பேயாட்டியும் தண்ணி போற மாதிரி பண்ணி வெச்சது நான்தான். அந்த நன்றி ஒருத்தனுக்கும் கெடையாது.

பள்ளத்தோடயே கீழ எறங்கிப் போனா எம் மச்சினன் பொங்கியண்ணன் தோட்டம் வரும். எம் பொண்டாட்டிக்கு ஒரே தம்பி. மஞ்சள் வெள்ளாமை, நாலு மாடு, ஒரு கெணறு, அளவில்லாத வாய். பொங்கலுக்கு, ஆடிக்கு, எதுக்கு வந்தாலும் வெறுங்கையோட வரமாட்டான். பள்ளத்துத் தண்ணியை ஒரு பாட்டில்ல புடிச்சுட்டு வந்து என்ற முன்னால வெப்பான். ஒரு தடவை ஊதாவா இருக்கும், ஒரு தடவை ரத்தச் செவப்பா இருக்கும். அடுத்த வாரம் என்ன கலருன்னு முன்கூட்டியே சொல்லிப்போடுங்க மச்சான், மாடுக மனசைத் தயார் பண்ணிக்கும்பான். ஒறம்பரைச் சனம் அத்தனை பேரும் சிரிப்பாங்க. எம் பொண்டாட்டி மட்டும் சிரிக்க மாட்டா. அவ சிரிச்சிருந்தாக் கூட எனக்குத் தேவலையா இருந்திருக்கும்.

சாயத் தண்ணியைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புங்க, இல்லாட்டிப் பட்டறையை மூடுங்கன்னு கவர்மெண்டுல எல்லாருக்கும் சொல்லிட்டாங்க. மத்த பட்டறைக்காரங்க போய்ச் சேந்துட்டாங்க. நானும் சேரலாம்னுதான் இருந்தேன். வருசா வருசம் சேரலாம்னுதான் இருந்தேன். நல்ல காரியத்தை அவசரப்பட்டுப் பண்ணக் கூடாது பாருங்க.

எம் பொண்டாட்டி பேரு கருணாம்பிகை. பொம்பளைப் புள்ளைக காலேஜுல கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுக்கறா. பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுக்குவா. ஊசி போடற டாக்டர் இல்லீங்க, அப்படி இருந்திருந்தா வீட்டுக்காவது ஒதவியிருக்கும். நான் படிச்ச பொண்ணுதான் வேணும்னு தேடிக் கட்டினவன். சாயம், கெமிக்கல் எல்லாம் வீட்டுலயே கேட்டுக்கலாமேன்னு ஒரு ரோசனை. அவ எல்லாத்தையும் சொன்னா. அந்தச் சாயம் வேண்டாங்க, இந்த அமிலத்தை அப்படிக் கொட்டாதீங்கன்னு வேண்டாததா மட்டுமே சொன்னா.

ஒரு பொங்கலுக்கு எம் மச்சினன் கொண்டாந்த பாட்டிலை அவ கொட்டலைங்க. அடுப்படி அலமாரியில தேன் பாட்டிலுக்குப் பக்கத்துல வெச்சுட்டா. தோசை ஊத்தும்போது அதைப் பாத்துக்கிட்டே ஊத்துவா. எனக்கு அப்பவே வெசனந்தான்.

அப்புறம் ஆரம்பிச்சுது இந்தத் தோல் சங்கதி. காலேஜு விட்டு வரும்போது ஜூஸ் கடையில நின்னு சாத்துக்குடித் தோல் ஒரு பை. பேக்கரியில பழக்கேக்குக்கு உரிச்சுப் போட்ட வாழைப்பழத் தோல் ஒரு பை. டீக்கடையில வடிகட்டின சக்கை ஒரு பை. டீக்கடைக்காரரு என்னைக் கூப்பிட்டு, வீட்டுல டீத்தூளுக்குச் சிரமமா இருந்தா ஒரு பொட்டணம் தரேன், சக்கையை எல்லாம் குடிக்க வேண்டாம்னு ரகசியமாச் சொல்றாரு. எந் தலையெழுத்தைப் பாருங்க. அடுத்த வீட்டு மாடியில வடாம் காயுது, எங்க மாடியில குப்பை காயுது. காஞ்சதை மாவு மில்லுக்கு அனுப்பினா. மில்லுக்காரன் ஒரு தடவை அரைச்சான். மறுநாள் அவன் மில்லுல அரைச்ச ராகி மாவு அத்தனையும் ஆரஞ்சு மிட்டாய் வாசம். ரெண்டாந் தடவை போனப்ப வாசல்லயே கையெடுத்துக் கும்பிட்டுட்டான்.

அந்தத் தூளைச் சாயத் தண்ணியில போட்டுக் கலக்கித் தெளிய வெச்சா, சாயம் தூளோட ஒட்டிக்கிட்டு அடியில எறங்கிடும்ங்கறா. எனக்கு நம்பிக்கை இல்லை. பில்டர், மோட்டார், வெளிநாட்டு மிசின்னு எத்தனை பாத்தவன் நான். ஒரு நாளு பாட்டில்ல ஊதாத் தண்ணி வெளுத்துப் போச்சு. செவப்பு மட்டும் அசையலை. நாங்க பனியன் துணிக்குப் போடற சாயத்துல செவப்புதான் ரொம்பப் பிடிவாதம். அவளும் பிடிவாதம். ரெண்டும் ரொம்ப நாளு மல்லுக்கட்டுச்சுக. கடைசியில தோலை மூடி போட்ட தகர டிரம்முல வெச்சு, காத்துப் புகாமக் கரியாக்கி, அந்தக் கரியை அரைச்சுப் போட்டா. அதுல செவப்பும் அடங்கிருச்சு.

அன்னிக்கு அவ ஒரு டம்ளரைத் தூக்கிட்டு வந்து எம் மூஞ்சிக்கு நேரா நீட்டினா. கை, மூக்கு, சேலையெல்லாம் கரி. கல்யாணத்தன்னிக்குக் கூட அவ மூஞ்சியில அந்த வெளிச்சத்தை நான் பாத்ததில்லை. தண்ணி கண்ணாடியாட்டம் இருந்துச்சு.

"இது நிறத்தை மட்டுந்தாங்க எடுக்கும்"னா. "சாயம் துணியில ஏர்றதுக்கு நீங்க கொட்டற உப்பு அப்படியே தண்ணிக்குள்ள இருக்கு. இது மொதப் படி. மிச்சத்துக்கு அந்த நிலையத்துல சேந்தே ஆகணும்."

அவ சொன்னாதானுங்க. சொல்லலைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பொம்பளைக நல்ல சேதி ஒண்ணு சொன்னா அதோட நாலு வால் சேத்துத்தானே சொல்லுவாங்க. நான் தலையை எடுத்துக்கிட்டு வாலை விட்டுட்டேன்.

மறு மாசமே பட்டறையில தொட்டி கட்டிட்டேன். டவுன்ல இருக்கற ஜூஸ் கடை, பழக்கடை, கல்யாண மண்டபம் எல்லாத்துக்கும் வண்டி அனுப்பினேன். டிரம்முல வேக வெக்கறதுக்கு ஆளு, அரைக்கறதுக்குத் தனி மிசின். எவ்வளவு தண்ணிக்கு எவ்வளவு கரி, எத்தனை நேரம் கலக்கணும், கடைசியில மணல்ல எப்படி வடிகட்டணும், எல்லாம் அவதான் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தா. காலேஜு லீவு நாளெல்லாம் பட்டறையிலதான் கெடந்தா. சாயம் ஏறின கரியை ஈரம் படாம மூட்டை கட்டி வைங்க, அதையும் கண்ட எடத்துல கொட்டக் கூடாதுன்னா. நான் கண்ட எடத்துல கொட்டலீங்க. காம்பவுண்டுக்குப் பின்னால, யாரும் காணாத எடத்துலதான் கொட்டினேன்.

பள்ளத்துல தண்ணி தெளிஞ்சு ஓடுச்சு. அதுல கொக்கு வந்து நின்னுச்சுன்னா நம்புவீங்களா? நின்னுச்சுங்க. ரொம்ப நேரம் நிக்கலை, ஆனா நின்னுச்சு. எம் மச்சினன் ஒரு நாளு கரையில வந்து நின்னு பாத்துட்டு, பாட்டிலும் இல்லாம, பேச்சும் இல்லாமத் திரும்பிப் போனான். அன்னிக்கு எனக்கு ராச்சாப்பாடு எறங்கின மாதிரி எந்த விருந்துலயும் எறங்கினதில்லை.

எங்க வட்டாரச் சங்கத்துல எனக்கு ஒரு பாராட்டு வெச்சாங்க. மாலை, பொன்னாடை, கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஒரு மயிலு. மைக்கைப் புடிச்சுச் சொன்னேன். எத்தனையோ ராத்திரி தூங்காம யோசிச்சு இந்த 'சென்னியப்பன் முறை'யைக் கண்டுபுடிச்சேன்னு சொன்னேன். பொய் இல்லீங்க. மாடியில காஞ்ச தோலு நாத்தத்துல எனக்குத் தூக்கமே வரலையே. கடைசியில, இதுக்கு ஒத்தாசையா இருந்த என் துணைவியாருக்கும் நன்றின்னு சொன்னேன். யார் சொல்லுவாங்க, சொல்லுங்க? எத்தனை பேரு மேடையில பொண்டாட்டியை நெனைக்கறான்? அவ ரெண்டாவது வரிசையில சுண்டல் பொட்டலத்தை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. கை தட்டினாளான்னு நான் கவனிக்கலை. மாலை மறைச்சுது.

வீட்டுக்கு வந்ததும் அவ கேட்டது ஒண்ணுதான். நிலையத்துல எப்பச் சேரப் போறீங்கன்னு. சேந்துடலாம் அம்மிணின்னேன். தெனமும் கேட்டா. நானும் தெனமும் சேந்துடலாம்னேன். ஒரு நாளாவது மாட்டேன்னு சொல்லியிருப்பனா?

நீங்களே யோசனை பண்ணுங்க. முன்னால எல்லாம் அடர் செவப்பு ஆர்டர் வந்தாப் பெரும்பாடு. ராத்திரியோட ராத்திரியா தொறந்து விடணும், காலையில எவன் வந்து சத்தம் போடுவானோன்னு காத்திருக்கணும். இப்பப் பட்டப்பகல்ல விடறேன், வழியில போறவன் நின்னு, அடடா ஊத்துத் தண்ணியாட்டம் இருக்குதேங்கறான். ஆர்டரு ரெண்டு பங்கு எடுத்தேன். தண்ணியும் ரெண்டு பங்கு போச்சு. கண்ணுல படறதுதான் பிரச்சனை. கண்ணுல படறது நின்னு போச்சு. அப்புறம் எதுக்கு அந்த நிலையம், அங்க போய் ஒரு கும்பிடு?

அந்த வருசம் மழை ஏமாத்திருச்சு. மச்சினன் கெணத்துல தண்ணி அடிக்குப் போயிருச்சு. மஞ்சள் நல்லா எழும்பி நிக்கற நேரம். எங்க பங்காளி வீட்டுல காது குத்து விருந்து. பந்தியில எனக்குப் பக்கத்து எலையில உக்காந்த மச்சினன், சாப்பிட்டுக்கிட்டே, "மச்சான், பள்ளத்துல வர்ற தண்ணியை மஞ்சளுக்குப் பாய்ச்சலாமுங்களா?"ன்னு கேட்டான்.

அவன் எங்கிட்ட மரியாதையா ஒரு கேள்வி கேட்டது அதுதான் மொதத் தடவை. சுத்தி அத்தனை ஒறம்பரையும் காதைத் தீட்டிட்டு உக்காந்திருக்குது. என்ன சொல்லுவேன்? வேண்டாம்னு சொன்னா, அப்புறம் நீ எதைடா சுத்தம் பண்ணினேன்னு கேப்பான். அதனால, "உங்கக்கா சுத்தம் பண்ணின தண்ணி மாப்ளே. சொந்த அக்கா மேலயே நம்பிக்கை இல்லையா?"ன்னேன்.

நல்லாக் கவனிச்சுக்குங்க. பாய்ச்சுன்னு நான் சொல்லவே இல்லை. நம்பிக்கை இல்லையான்னுதான் கேட்டேன். அது கேள்வி. அவன் அதைப் பதில்னு எடுத்துக்கிட்டா நான் என்ன பண்ணட்டும்?

கருணாம்பிகை அன்னிக்கு விருந்துக்கு வரலை. பரீட்சைப் பேப்பரு திருத்தற வேலை. வந்திருந்தா இத்தனை கஷ்டம் வந்தே இருக்காது. இதைக் கூட ஒருத்தரும் அவகிட்டக் கேக்க மாட்டேங்கறாங்க.

அவன் பாய்ச்சினான். பள்ளத்துல மோட்டாரைப் போட்டு, வாய்க்கால் நெறைய, ஆசை தீரப் பாய்ச்சினான். கொஞ்ச நாள்ல எலை நுனியெல்லாம் தீயில காட்டின மாதிரி கருகுச்சு. நோவுன்னு நெனச்சு மருந்தடிச்சான். தண்ணி பத்தலைன்னு நெனச்சு இன்னும் பாய்ச்சினான். மஞ்சள் படுத்துருச்சுங்க. தோண்டிப் பாத்தா கெழங்கு சுண்டு வெரலு கனத்துக்குக் கூட எறங்கலை. பாத்தியில வெயில் ஏறினா மேல வெள்ளையாப் பூத்து நிக்கும், கோலப்பொடி சிந்தின மாதிரி. அவன் அக்காளைக் கூப்பிட்டு, என்னமோ பூஞ்சாணம் வந்திருக்குது, நீ படிச்சவ, வந்து பாரும்மான்னு சொல்லியிருக்கான். அவன் கடைசி வரைக்கும் அந்தத் தண்ணி மேல சந்தேகப்படலைங்க. நல்ல பையன் அந்த வகையில.

அவ போய்ப் பாத்துட்டு வந்தா. பெரிய அண்டாவுல பள்ளத்துத் தண்ணியைப் புடிச்சாந்து அடுப்புல வெச்சு, காலையில இருந்து கொதிக்க வெச்சா. சமையல் பண்றான்னு நெனச்சேன். மத்தியானம் சாப்பிட உக்காந்தேன். வட்டல்ல சோறு போட்டு, கொழம்பு ஊத்தி, பொரியலு வெச்சு, ஓரத்துல ஒரு கை உப்பு வெச்சா. ஒரு சிட்டிகை இல்லீங்க, ஒரு கை. என்ன அம்மிணி இன்னிக்கு உப்பு இத்தனைன்னு வெரலை வெக்கப் போனேன். கையைப் புடிச்சுக்கிட்டா.

"நாக்குல வெக்காதீங்க. அது நீங்க பள்ளத்துல விட்ட தண்ணி."

அண்டாவைச் சாய்ச்சுக் காட்டினா. அடியில, சுத்துல எல்லாம் வெள்ளை வெள்ளையாப் பொருக்குக் கட்டி நிக்குது.

அவன் பாய்ச்சினதுக்கு நான் என்ன அம்மிணி பண்றது, நீ கண்டுபுடிச்ச முறை, நீ சொல்லிக் குடுத்த அளவு, அதுல இம்மி பெசகாமத்தானே பண்ணினேன்னேன்.

"இன்னிக்குத்தான் நான் கண்டுபுடிச்சதுன்னு ஞாபகம் வருதா"ன்னா. சத்தம் போடலைங்க. சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். வட்டலுக்கு எதுத்தாப்புல தரையில உக்காந்துக்கிட்டா. "செவப்பா வந்த வரைக்கும் அவன் மாடு கூட மோந்து பாத்துட்டுத் திரும்பிரும். அந்தச் செவப்புதாங்க அவனுக்குக் காவலா இருந்துச்சு. அதை நான் எடுத்துட்டேன். உங்களை நம்பி எடுத்துக் குடுத்துட்டேன்."

அழுவான்னு பாத்தேன். அழலை. எந்திரிச்சுப் போய் அண்டாவைத் தேய்க்க ஆரம்பிச்சுட்டா. எனக்கு அந்தச் சோறு எறங்குச்சாங்கறீங்க? எறங்குச்சு. பசி நேரம். ஆனா ருசியே இல்லை, உப்புப் போட்டுக்கப் பயமா இருந்துச்சு.

பட்டறையை உடனே நிறுத்தச் சொன்னா. கையில இருக்கற ஆர்டரை முடிச்சுட்டு நிறுத்திடலாம்னேன். வெளிநாட்டுக்காரனுக்கு வாக்குக் குடுத்தாச்சு. வாக்குத் தவறக் கூடாதுங்கறது எங்கப்பன் சொல்லிக் குடுத்தது. அப்ப நானே அதிகாரிககிட்டச் சொல்லிடுவேன்னா. சொல்ல மாட்டான்னுதான் நெனச்சேன். சொந்தப் புருசன் பட்டறையைச் சொந்தப் பொண்டாட்டி காட்டிக் குடுப்பான்னு யாராச்சும் நெனைப்பாங்களா? அதுவும் அவளோட முறையில ஓடற பட்டறை.

வந்துட்டாங்க. ஒரு அம்மா, ரெண்டு ஆம்பளைக. நான் தைரியமாத்தான் இருந்தேன். நேராப் பள்ளத்துக்குக் கூட்டிட்டுப் போய், பாருங்க, அடியில கல்லுக்குக் கல்லு எண்ணிக்கலாம்னேன். சூடா போண்டா வாங்கி வெச்சிருந்தேன். அவங்க தொடலை. அந்தம்மா ஏதோ பேனா மாதிரி ஒரு கருவியைத் தண்ணியில விடப் போனாங்க. கருவி எதுக்குங்க, உங்க முன்னால நானே குடிச்சுக் காட்டட்டுமான்னு கேட்டேன். ஒரு பேச்சுக்குக் கேக்கறதுதானே.

பின்னால இருந்து ஒரு டம்ளர் நீளுது. திரும்பிப் பாத்தா கருணாம்பிகை. டம்ளர் நெறையப் பள்ளத்துத் தண்ணி.

"குடிங்க"ன்னா.

அன்னிக்குக் கிருத்திகைங்க. விரத நாளு. தண்ணி கூடப் பல்லுல படாது. அப்படித்தான் சொன்னேன். அந்த ரெண்டு ஆம்பளைகள்ல ஒருத்தன் போண்டாத் தட்டைப் பாத்தான். அதுல ஒண்ணு கொறஞ்சிருந்தது வாஸ்தவம். காலையில ஞாபகமறதியாத் தின்னுட்டேன். அதுக்காகத் தெரிஞ்சே ரெண்டாவது தடவை விரதத்தை முறிக்க முடியுமா?

அவ டம்ளரைக் கீழ வெச்சுட்டு அந்தம்மாகிட்டப் பேசினா. நிறம் போனது என்னோட கரியால, உப்பு போகாதது எனக்குத் தெரியும், நிறத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, அப்படிப் பாத்து நம்பின ஒருத்தன் மண்ணு போயிருச்சுன்னு சொன்னா. எம் பேரு, அவ பேரு எல்லாம் சொல்லி, இதுல எனக்கும் பங்கு இருக்கு, என்னையும் எழுதிக்குங்கன்னா. பாராட்டு விழாவுல இந்தப் பங்கை எல்லாம் கேக்காம வாயை மூடிட்டு உக்காந்திருந்தவ. கருவியை விட்டாங்க. அதுல என்ன எண்ணு வந்துச்சோ, அந்தம்மா மறுபடியும் துடைச்சுட்டு விட்டாங்க. காம்பவுண்டுக்குப் பின்னால கொட்டியிருந்த கரியையும் அவங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டா.

கரண்டைப் புடுங்கிட்டாங்க. கதவைப் பூட்டி நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. பாராட்டுல குடுத்த அந்த மயிலு கூட ஆபீசுக்குள்ள மாட்டிக்கிச்சு, எடுக்க விடலை.

அன்னிக்குப் பொழுதோட அவ வீட்டை விட்டுக் கெளம்பினா. நகைப் பொட்டியை எடுத்து எங்கிட்டக் குடுத்துட்டா. மாடியில இருந்த தோலு மூட்டையை மட்டும் ஆட்டோவுல ஏத்தினா. தெருவே பாக்குது. ஒரு பொம்பளை புருசன் வீட்டுல இருந்து குப்பையை மட்டும் பிரிச்சு எடுத்துட்டுப் போறா. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இப்பத் தம்பி தோட்டத்துலயே இருக்கா. அங்கிருந்தே காலேஜுக்குப் போறா. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துல சேந்தவங்க இல்லீங்களா, அந்தப் பட்டறைக்காரங்க அவளைக் கூப்பிட்டு மரியாதை பண்ணி, அவங்க தண்ணிக்கு மொதல்ல இந்தக் கரியைப் போட்டு நிறம் எடுக்கறாங்க, அப்புறம் உப்பையும் பிரிச்சு எடுக்கறாங்க. நிறம் மொதல்லயே போறதால மிசினுக்குப் பாரம் கொறையுதாம். கரியைக் கூட எண்ணி மூட்டை கட்டி அனுப்பறாங்களாம். முறைக்கு எம் பேரைத்தான் வெச்சிருக்காங்களான்னு விசாரிச்சேன். பேரே வெக்கலையாம். கரித் தொட்டின்னு சொல்றாங்களாம். மேடையில மாலை போட்டு வெச்ச பேரு, அதைப் போய்க் கரித் தொட்டின்னு ஆக்கிட்டாங்க.

போன வாரம் மானத்தை விட்டுட்டு அவளைக் கூட்டிட்டு வரலாம்னு போனேன். தோட்டத்துல மஞ்சள் நின்ன எடமெல்லாம் மொட்டையாக் கெடக்குது. பாத்தி பாத்தியா வரப்பை ஒசத்திக் கட்டி, டேங்கர்ல நல்ல தண்ணி கொண்டாந்து நிறுத்தி, ஊற வெச்சு வடிய விடறாங்க. அப்படி மாத்தி மாத்தி அலசினாத்தான் உப்பு கீழ எறங்குமாம். இன்னும் எத்தனை தடவை அலசணுமோ அவளுக்கே தெரியலை. காலேஜுப் புள்ளைக மண்ணை அள்ளிப் பையில போட்டு நிக்குதுக. மச்சினன் என்னைப் பாத்தான். ரொம்ப எளைச்சுட்டான். எப்பவும் என்னைப் பாத்தா ஒரு கேலி வரும் அவன் வாயில, ஒண்ணும் வரலை. பழைய மாதிரி ஏதாவது சொல்லுடான்னு எனக்கே தோணுச்சு. அவன் வந்து டேங்கர் பைப்பை எங் கையில குடுத்துட்டு அந்தப் பக்கம் வரப்பு வெட்டப் போயிட்டான்.

புடிச்சேன். மரியாதைக்குத்தான் புடிச்சேன். வந்த எடத்துல ஒருத்தர் ஒண்ணைக் குடுத்தா வாங்கிக்கறதுதானே. மத்தியானம் போயிப் பொழுது சாயற வரைக்கும் புடிச்சேன். வேட்டியெல்லாம் சேறு. வீட்டுக்கு வா அம்மிணின்னு சொல்லலாம்னு ரெண்டு மூணு தடவை வாயைத் தொறந்தேன், தண்ணிச் சத்தத்துல கேக்காதுன்னு மூடிட்டேன்.

அப்ப அந்தப் புள்ளைகள்ல ஒண்ணு, கண்ணாடி போட்டது, என்னைக் காட்டி அவகிட்டக் கேட்டுச்சு. "மேடம், பைப்பு புடிச்சுட்டு நிக்கறவரு உங்களுக்குச் சொந்தக்காரருங்களா?"

நான் பைப்பை மடக்கித் தண்ணிச் சத்தத்தைக் கொறைச்சேன்.

அவ நிமிந்து கூடப் பாக்கலை. மண்ணைக் கிளறிக்கிட்டே, "இந்தத் தோட்டத்து உப்புக்குச் சொந்தக்காரர்"னா.

புள்ளைக சிரிச்சதுக. சின்னதுக, சிரிக்கட்டும். நீங்க விவரம் தெரிஞ்சவரு, நிதானமா ரோசிச்சுச் சொல்லுங்க. யாரோ எவரோன்னு சொல்லியிருக்கலாம். டேங்கர்காரருன்னு சொல்லியிருக்கலாம். தெரியாதுன்னே சொல்லியிருக்கலாம், யாரு கேக்கப் போறா. சொந்தக்காரர்னுதானுங்களே சொன்னா?